கைடு நான்காவது முறையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்: ஆய்வுக் கட்டுரை எழுதப் பழகுவது எப்படி?

தாமிரபரணிக்காரி (ஞாயிறு, இரவு 9.12)

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், நெல்லைப் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம்.

எங்கள் பிராஜெக்ட், குப்பைமேனி இலைச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்ப்பது. (எல்லாக் கல்லூரியிலும் யாராவது ஒருத்தர் ஏதாவது ஒரு இலையை வைத்து இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள், தெரியும்.) மெத்தனால், எத்தில் அசிடேட், தண்ணீர் மூன்றிலும் சாறு எடுத்தோம். டிஸ்க் டிஃப்யூஷன் முறையில் (சாறு ஏற்றிய சின்னக் காகித வில்லையை பாக்டீரியா பரப்பிய பிளேட்டில் வைத்து, அதைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டத்தை, அதாவது ஜோனை, அளப்பது) ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை இரண்டின் மீதும் போட்டுப் பார்த்தோம். ரிப்போர்ட் எழுதி பைண்டிங்கும் போட்டாயிற்று. "நல்லா வந்திருக்கு, சின்னக் கட்டுரையா எழுது, அனுப்பலாம்" என்றார்கள் எங்கள் கைடு மேடம்.

நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். நான்கு முறையும் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "நீ என்ன கண்டுபிடித்தாய்?" அதைத்தானே எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன்! கேட்டால், "நீயே யோசி" என்கிறார்கள்.

என் முடிவுப் பத்தியை இங்கே தமிழில் போடுகிறேன் (டி.எம்.எஸ்.ஓ. என்பது சாறு கலக்காத வெறும் கரைப்பான்):

"மூன்று சாறுகளும் இரண்டு பாக்டீரியாக்களுக்கும் எதிராக சிக்னிஃபிகன்ட் ஆன செயல்பாட்டைக் காட்டியது காணப்பட்டது. ஸ்டெஃபைலோகாக்கஸ் மீது மெத்தனால் சாறு 14.333 மி.மீ., எத்தில் அசிடேட் 10.333 மி.மீ., தண்ணீர் 6 மி.மீ. ஈ. கோலை மீது மெத்தனால் 9.333 மி.மீ., எத்தில் அசிடேட் 6 மி.மீ., தண்ணீர் 6 மி.மீ. கட்டுப்பாடாக வைத்த டி.எம்.எஸ்.ஓ.வுக்கு ஜோன் இல்லை. எனவே குப்பைமேனி எதிர்காலத்தில் சிறந்த மருந்தாக உருவாகும்."

என் இங்கிலீஷ்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன். நல்ல கிராமர் புத்தகம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

சும்மா_சொல்றேன் (ஞாயிறு, இரவு 9.40)

இந்தக் காலத்தில் கிராமர் புத்தகமா? ஏ.ஐ.யில் போட்டு "இதை ஆய்வுக் கட்டுரை நடைக்கு மாற்று" என்று சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. மேடமே அசந்துபோவார்.

திருத்தல்பேனா (ஞாயிறு, இரவு 10.25)

தங்கச்சி, கிராமர் புத்தகம் வாங்காதே. அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஸ்கேல் வாங்கு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் சென்னையில் ஆய்வு இதழ்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்கிறேன், 11 வருஷமாக. பலருக்குத் தெரியாது, வெளிநாட்டுப் பெரிய இதழ்களின் பக்கங்கள் எத்தனையோ சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் திருத்தி அடுக்கப்படுகின்றன. எழுவாய்க்கும் வினைக்கும் சண்டை, தவறான இடத்தில் ஆர்ட்டிகிள், கமா இல்லாத வரி இதையெல்லாம் நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ சரிசெய்கிறோம். அதற்காகத்தான் சம்பளம். கிராமர் பிழைக்காக மட்டும் ஒரு கட்டுரை செத்துப்போனதை நான் பார்த்ததில்லை.

எங்களால் சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. எழுதியவருக்கே என்ன சொல்ல வருகிறோம் என்று தெரியாத வரி. அதை நாங்கள் தொடுவதில்லை, பக்கத்தில் ஆத்தர் க்வரி என்று ஒரு கேள்வி போட்டுத் திருப்பி அனுப்புவோம். உங்கள் மேடம் சிவப்பு மையில் எழுதியிருப்பது அதுதான்.

உன் பத்தி என் மேசைக்கு வந்திருந்தால் நான் போடும் கேள்வி இது: டி.எம்.எஸ்.ஓ.வுக்கு "ஜோன் இல்லை" என்கிறாய். தண்ணீர்ச் சாறுக்கு "6 மி.மீ." என்கிறாய். இரண்டையும் பிளேட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு என்ன வித்தியாசம் தெரிந்தது?

எனக்கு மைக்ரோபயாலஜி தெரியாது. எண்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்று மட்டும்தான் பார்ப்பேன். இவை பேசிக்கொள்ளவில்லை. ஸ்கேல் வாங்கச் சொன்னது அதனால்தான்.

பழைய_பெஞ்ச் (ஞாயிறு, இரவு 11.03)

பேனா அக்கா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். நான் இதே துறையில் பிஎச்.டி., நான்காம் ஆண்டு. (எப்போது முடிப்பாய் என்று யாரும் கேட்க வேண்டாம்.)

தாமிரபரணி, டிஸ்க்கின் விட்டம் என்ன?

தாமிரபரணிக்காரி (திங்கள், காலை 6.50)

6 மி.மீ. அண்ணா. கடையில் வாங்கிய டிஸ்க்தான்.

...

அய்யோ.

பழைய_பெஞ்ச் (திங்கள், காலை 7.15)

ஆமாம், அய்யோதான். ஜோனை அளக்கும்போது டிஸ்க்கையும் சேர்த்துத்தான் விட்டம் எடுக்கிறோம். அப்படியானால் 6 மி.மீ. என்பது வெறும் டிஸ்க். தண்ணீர்ச் சாறு ஒன்றையும் தடுக்கவில்லை. எத்தில் அசிடேட் சாறு ஈ. கோலையைத் தடுக்கவில்லை. டி.எம்.எஸ்.ஓ.வை அளக்கும்போது ஜோன் இல்லை என்று கோடு போட்டுவிட்டாய், மற்ற இடத்தில் ஸ்கேலை வைத்து 6 என்று எழுதிவிட்டாய். அளந்தது வேறு வேறு ஆளா?

"மூன்று சாறுகளும் இரண்டு பாக்டீரியாக்களையும் தடுத்தன" என்று எழுதினாய். உன் எண்கள் சொல்வது: மெத்தனால் இரண்டையும், எத்தில் அசிடேட் ஒன்றை மட்டும், தண்ணீர் ஒன்றையும் இல்லை. இதுதான் கண்டுபிடிப்பு. நீ எழுதியதைவிட இது சுவாரசியமாகவே இருக்கிறது, பார். தண்ணீரில் கரையாத ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று சந்தேகப்பட இடம் கிடைக்கிறது.

இதற்காக வெட்கப்படாதே. எங்கள் லேபில் ஒரு சீனியர் இதே தப்போடு மாநாட்டுக்குப் போஸ்டரே ஒட்டியிருக்கிறார்.

@சும்மா_சொல்றேன், இங்கிலீஷை மட்டும் பளபளப்பாக்கச் சொல்லியிருந்தால் அந்த 6 மி.மீ. அழகான நடையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். மோசமான நடையில் இருந்ததால்தான் கண்ணில் பட்டது.

தாமிரபரணிக்காரி (திங்கள், மாலை 5.30)

ஸ்டெஃபைலோகாக்கஸ் பிளேட் நான் அளந்தேன். ஈ. கோலை பிளேட்டும் டி.எம்.எஸ்.ஓ.வும் என் பிராஜெக்ட் தோழி. ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் "நில்" (ஒன்றும் இல்லை) என்று எழுதியிருக்கும் இடத்தில் நான் டைப் செய்யும்போது 6 என்று மாற்றியிருக்கிறேன், டேபிள் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. டி.எம்.எஸ்.ஓ. வரி வேறு டேபிளில் இருந்ததால் தப்பித்துவிட்டது.

வைவாவில்கூட இதை யாரும் கேட்கவில்லை.

கணக்கு_வாத்தியார் (திங்கள், இரவு 8.45)

நான் புள்ளியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வைவாவில் கேட்காததை நான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே அம்மா.

14.333 என்று எழுதியிருக்கிறாய். ஸ்கேலில் மி.மீ.க்குக் கீழே கோடு கிடையாது. ஆயிரத்தில் ஒரு பங்கு மி.மீ. உனக்கு எங்கிருந்து கிடைத்தது? கால்குலேட்டர் கொடுத்தது. கால்குலேட்டர் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளக் கூடாது.

அடுத்தது, அந்த .333 பார்த்ததுமே மூன்று அளவுகளின் சராசரி என்று தெரிகிறது. அந்த மூன்றும் என்னென்ன? ஒரே பிளேட்டில் மூன்று டிஸ்க்கா, மூன்று பிளேட்டா, இல்லை மூன்று வேறு வேறு நாளில் புதிதாக பாக்டீரியா வளர்த்துச் செய்ததா?

அப்புறம் அந்த "சிக்னிஃபிகன்ட்". புள்ளியியலில் அதற்கு, தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று சோதனை செய்து காட்டியது என்று அர்த்தம். எந்தச் சோதனை செய்தாய்? எதோடு எதை ஒப்பிட்டாய்?

தாமிரபரணிக்காரி (திங்கள், இரவு 9.20)

சார், ஒரே பிளேட்டில் மூன்று டிஸ்க். ஸ்டெஃபைலோகாக்கஸ் மெத்தனாலுக்கு 14, 15, 14. ஈ. கோலைக்கு 9, 11, 8. சோதனை எதுவும் செய்யவில்லை. எல்லா பேப்பரிலும் சிக்னிஃபிகன்ட் என்று இருந்தது, நானும் போட்டேன். "நல்ல அளவுக்கு" என்ற அர்த்தத்தில்.

கணக்கு_வாத்தியார் (திங்கள், இரவு 10.10)

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. பாதிப் பேர் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரே பானைச் சோற்றில் மூன்று பருக்கை எடுத்துப் பார்ப்பது போல இது. அந்தப் பானை வெந்ததா என்று தெரியும். நாளைக்கு நீ வைக்கப்போகும் சோறும் இப்படியே வேகுமா என்று தெரியாது. ஒரே பிளேட்டில் மூன்று டிஸ்க் வைத்தால் உன் கை எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பது தெரியும். சாறு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சொல்ல, வேறு வேறு நாட்களில் புதிதாகச் செய்து பார்க்க வேண்டும். கட்டுரையில் "மூன்று முறை செய்யப்பட்டது" என்று மொட்டையாக எழுதினால் படிப்பவர் இரண்டாவதைத்தான் நினைத்துக்கொள்வார். நீ பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் ஏமாந்திருப்பார்.

சராசரியைத் தனியாக விடாதே. ஸ்டெஃபைலோகாக்கஸ் வரிசைக்குத் திட்ட விலக்கம் 0.6, ஈ. கோலைக்கு 1.5. இரண்டாவது எவ்வளவு ஆடுகிறது என்று அப்போதுதான் தெரியும். திட்ட விலக்கமா (அளவுகளின் சிதறல்) திட்டப் பிழையா (சராசரியின் நிச்சயமின்மை) என்று பெயரைச் சொல்லிவிடு. கூட்டல் கழித்தல் குறியை மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். திட்டப் பிழை சின்னதாகத் தெரியும் என்பதற்காகவே அதைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சிக்னிஃபிகன்ட் என்ற சொல்லை, சோதனை செய்து பி மதிப்பைப் பக்கத்தில் எழுத முடிந்தால் மட்டும் பயன்படுத்து. மற்ற இடத்தில் எண்ணைச் சொன்னாலே போதும்.

பெரிய பெரிய தலைகளுக்கும் கட்டுரை திரும்பி வந்திருக்கிறது, அதற்காகச் சோர்ந்துபோகாதே. ராமானுஜன் 1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் பெர்னோலி எண்கள் பற்றி எழுதிய முதல் கட்டுரையை ஆசிரியர் நாராயண ஐயங்கார் தெளிவாக எழுதச் சொல்லித் திரும்பத் திரும்ப அனுப்பினார். கணக்கில் குறை இல்லை. ராமானுஜனுக்குக் கண்ணில் தெரிந்த படிகள் படிப்பவருக்குத் தெரியவில்லை. உனக்கும் அதேதான், "ஒரே பிளேட்" என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

வல்லைவெளி (செவ்வாய், காலை 10.05)

நான் யாழ்ப்பாணம். ஏ.எல். வரைக்கும் தமிழ் மொழிமூலம், கம்பஸுக்கு வந்த பிறகுதான் எல்லாம் ஆங்கிலம். எனக்கும் இதே வில்லங்கம் இருந்தது. ஒரு விசயம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தமிழில் நாங்கள் வினையெச்சத்தைக் கோத்துக்கொண்டே போகலாம். "இலையைப் பறித்து, கழுவி, நிழலில் உலர்த்தி, இடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து, குளிரூட்டியில் வைத்தோம்." ஒரே வசனம். வாசிக்க ஒரு கரைச்சலும் இல்லை, வினைமுற்று கடைசியில் வந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். இதையே மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினால் யாழ்தேவி ரயில் மாதிரி நீண்ட வசனம் வரும். எந்தப் பெட்டி எதோடு கொழுவியிருக்கிறது என்று தெரியாது. என்னுடைய சூப்பர்வைசர் ஒரு வசனத்தில் ஏழு வினைச்சொல்லுக்கு வட்டம் போட்டுத் தந்தவர்.

நான் பிறகு பழகியது இதுதான். எண் வருகிற இடத்தில் வசனத்தை முறி. எத்தனை கிராம், எத்தனை மணித்தியாலம், என்ன வெப்பநிலை, ஒவ்வொன்றும் ஒரு வசனத்துக்குள் நிற்கட்டும். அப்படி முறிக்கும்போதுதான் எந்த இடத்தில் எண் இல்லை என்பதும் தெரியும். நான் "சிறிது நேரம் ஊறவைத்து" என்று எழுதியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தேடினால் கொப்பியில் இல்லை. திரும்பவும் செய்ய வேண்டியதாகிப் போய்விட்டது.

ஆனால் தமிழில் யோசிப்பதை விட வேண்டாம். என்ன கண்டேன் என்பதை முதலில் அம்மாவுக்குச் சொல்வது போலத் தமிழில் இரண்டு வசனம் எழுதிப் பார்ப்பேன். அது வரவில்லை என்றால் ஆங்கிலத்திலும் வராது.

தாமிரபரணிக்காரி (செவ்வாய், இரவு 7.40)

வல்லைவெளி அண்ணா (அக்காவா?), அம்மாவிடமே சொல்லிப் பார்த்தேன். "குப்பைமேனியை மெத்தனாலில் ஊறவைத்தால் ஒரு கிருமி நன்றாக அடங்குகிறது, இன்னொன்று கொஞ்சம்தான் அடங்குகிறது, தண்ணீரில் ஊறவைத்தால் ஒன்றும் நடக்கவில்லை" என்றேன். அம்மா உடனே, "நாங்க அரைச்சுத்தானே சொறிக்குப் பூசுவோம், ஊறவைக்க மாட்டோமே" என்றார்கள். அரைத்த விழுதை நாங்கள் சோதிக்கவே இல்லை! இன்ட்ரோவில் "பாரம்பரியமாகப் பயன்படுத்தப்படுகிறது" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

திருத்தல்பேனா (செவ்வாய், இரவு 8.15)

உன் அம்மாவை ரெவ்யூவராகப் போடலாம்.

அந்த இன்ட்ரோவின் முதல் வரி எனக்குத் தெரியும், சொல்லட்டுமா? "மருத்துவத் தாவரங்கள் பண்டைய காலந்தொட்டு மனிதகுலத்தால் பயன்படுத்தப்பட்டு வருகின்றன." வாரத்துக்கு மூன்று முறை அதைப் படிக்கிறேன். அதை எடுத்துவிட்டு அம்மா சொன்னதை வை. குப்பைமேனியை எங்கள் பக்கத்தில் அரைத்துச் சொறிக்குப் பூசுகிறார்கள். அதை ஏற்கெனவே பதிவுசெய்த கட்டுரை ஒன்றைத் தேடி மேற்கோள் காட்டு. தோலில் புண் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஸ்டெஃபைலோகாக்கஸ் முக்கியமானது. அதனால் அதன் மீது சோதித்தோம். மூன்று வரியில் கேள்விக்கு வந்துவிட்டாய், பண்டைய காலத்துக்குப் போகவே வேண்டாம்.

இன்னொன்று, "காட்டியது காணப்பட்டது". காட்டிய பிறகு எதற்குக் காணப்பட வேண்டும்? "தடுத்தது" என்று எழுது. "நாங்கள்" என்று எழுதவும் பயப்படாதே. 1953 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்த வாட்சன், கிரிக்கின் டி.என்.ஏ. கட்டுரை ஒரு பக்கம் சொச்சம்தான். அதன் முதல் வரியே "நாங்கள்" என்றுதான் தொடங்குகிறது.

கணக்கு_வாத்தியார் (செவ்வாய், இரவு 9.00)

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். வாட்சனும் கிரிக்கும் எழுதலாம். மூன்றாமாண்டு மாணவி "நாங்கள்" என்று எழுதினால் நம் ஊரில் சில பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். செய்முறைப் பகுதியில் செயப்பாட்டு வினை இருப்பதில் தப்பே இல்லை. இலையை யார் கழுவினார்கள் என்பதா முக்கியம்? கழுவியது முக்கியம்.

திருத்தல்பேனா (செவ்வாய், இரவு 9.12)

செய்முறையில் ஒத்துக்கொள்கிறேன் சார். ஆனால் முடிவெடுத்த இடத்தில் ஆள் வேண்டும். "ஒரு பிளேட் நீக்கப்பட்டது" என்றால் யார் நீக்கியது, ஏன்? "கலப்படம் தெரிந்ததால் ஒரு பிளேட்டை நீக்கினோம்" என்றால் பொறுப்பு தெரிகிறது. எந்த இதழுக்கு அனுப்பப் போகிறாளோ அந்த இதழின் கடைசி இரண்டு இதழ்களைப் பார்த்து அவர்கள் வழக்கப்படி எழுதட்டும். நம் சண்டை அங்கே செல்லாது.

தாமிரபரணிக்காரி (புதன், மாலை 4.25)

இரண்டு சந்தேகம். ஒன்று, ப்ளேஜியரிசம் 10 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்கிறார்கள். டிஸ்க் டிஃப்யூஷன் செய்முறையை எப்படி எழுதினாலும் வேறு பேப்பரோடு ஒத்துப்போகிறது. வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டதில் "இன்குபேட்" என்பதை "அடைகாக்கப்பட்டது" கணக்கில் என்னவோ ஆக்கிவிட்டேன்.

இரண்டு, வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு இதழ் வந்தது. 48 மணி நேரத்தில் வெளியீடு, ஐ.எஸ்.எஸ்.என். உண்டு, யு.ஜி.சி. கேர் (தரமான இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த பட்டியல்) உண்டு, ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனிச் சான்றிதழ். தோழி அனுப்பிவிடலாம் என்கிறாள்.

பழைய_பெஞ்ச் (புதன், இரவு 10.40)

முதலில் இரண்டாவது. அனுப்பாதே. ஐ.எஸ்.எஸ்.என். என்பது ஒரு அடையாள எண், தரச் சான்று இல்லை. கேர் பட்டியலை யு.ஜி.சி. 2025 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டது, இன்னும் அதைச் சொல்லி விளம்பரம் செய்கிறார்கள் என்றால் நீயே யோசித்துக்கொள். 48 மணி நேரத்தில் யாரும் உன் கட்டுரையைப் படித்துப் பார்க்க முடியாது. இந்த இழையில் நான்கு பேர் இரண்டு நாளில் கண்டுபிடித்ததை அவர்கள் ஒருபோதும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அந்த 6 மி.மீ. உன் பெயரோடு இணையத்தில் நிரந்தரமாக நின்றிருக்கும், நீ காசு கொடுத்து.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்ஸி.யில் நானும் இப்படி ஒன்றுக்குப் பணம் கட்டினேன், அப்போது எனக்கு அது பெரிய தொகை. இப்போது என் விவரக்குறிப்பில் அதை எழுதுவதில்லை. கூகுளில் என் பெயரைத் தேடினால் முதலில் வருவது அதுதான்.

இப்போது ப்ளேஜியரிசம். யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை கிடையாது, அது சரி. ஆனால் ரெஃபரன்ஸ் பட்டியல், முறையாக மேற்கோள் காட்டியவை, பொதுவான கலைச்சொற்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்கள் 14 சொற்கள் வரை விலக்கு. அதனால் "முல்லர் ஹின்டன் அகார்" (பாக்டீரியா வளர்க்கும் ஊடகம்) என்பதற்கு மாற்றுச் சொல் தேடி அலையாதே. கலைச்சொல்லை மாற்றினால் அறிவியலே மாறிவிடும். "அடைகாத்தல்" எல்லாம் கோழிக்கு.

நிறையப் பேருக்கு செய்முறைப் பகுதி ஒத்துப்போவதற்குக் காரணம், அவர்கள் செய்ததை எழுதாமல் இன்னொருவர் செய்ததை எழுதுவதுதான். உன் லேபில் நடந்ததை எழுது. எந்த மாதம், எந்த ஊரில் இலை பறித்தீர்கள்? எத்தனை கிராம் பொடி, எத்தனை மி.லி. மெத்தனால், எத்தனை மணி நேரம்? வடித்து உலர்த்தியபின் எவ்வளவு கிடைத்தது? இந்த விவரம் உலகத்தில் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது, எந்த மென்பொருளும் அதைக் காப்பி என்று சொல்லாது.

செடியை யார் அடையாளம் காட்டினார்கள் என்பதும் வேண்டும். கோயம்புத்தூரில் பி.எஸ்.ஐ. (இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம்) தென்மண்டல மையம் இருக்கிறது, திருச்சியில் ராபினாட் ஹெர்பேரியம் (உலர்ந்த தாவர மாதிரிகளைச் சேமித்து வைக்கும் இடம்) இருக்கிறது. உலர்ந்த மாதிரியைக் கொடுத்து அடையாளச் சான்று வாங்கி, அந்த மாதிரி எண்ணைக் கட்டுரையில் எழுத வேண்டும். "எங்கள் பாட்டனி சார் பார்த்துச் சொன்னார்" என்பது போதாது. மாதிரி எடுத்து வைத்திருக்கிறாயா?

டிஸ்கஷனில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஜோன் பெரிதாக இருப்பதால் மெத்தனால் சாறு எத்தில் அசிடேட்டைவிட வீரியமானது என்று எழுதிவிடாதே. அகாரில் எது நன்றாகப் பரவுகிறதோ அதற்கு ஜோன் பெரிதாக வரும். எண்ணெய்ப்பசை உள்ள பொருள் வீரியமாக இருந்தும் பரவாமல் டிஸ்க்கிலேயே நின்றுவிடலாம். வீரியத்தை ஒப்பிட எம்.ஐ.சி. (பாக்டீரியா வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அடர்த்தி) பார்க்க வேண்டும். ஈ. கோலை ஏன் குறைவாக அடங்கியது என்பதற்கு அதன் வெளிச்சவ்வு காரணமாக "இருக்கலாம்" என்று எழுது, மேற்கோளோடு. நீ அதைச் சோதிக்கவில்லை, அதனால் அந்த "லாம்" கட்டாயம். "சிறந்த மருந்தாக உருவாகும்" என்ற வரியைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ரெஃபரன்ஸை ஜோடெரோ மென்பொருளில் போட்டுக்கொள், இலவசம். கையால் தட்டாதே.

சும்மா_சொல்றேன் (வியாழன், காலை 8.30)

நீங்கள் எல்லோரும் சொல்வது சரி. ஆனால் பி.ஜி. அட்மிஷனுக்கு, வேலைக்கு "பேப்பர் இருக்கா" என்றுதான் கேட்கிறார்கள். "டிஸ்க் விட்டத்தைக் கழித்தாயா" என்று யாரும் கேட்பதில்லை. அதையும் சொல்லுங்கள்.

பழைய_பெஞ்ச் (வியாழன், காலை 9.10)

அதுவும் உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் பி.எஸ்ஸி.யில் பேப்பர் கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லையே. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கு விண்ணப்பித்தால் இரண்டு மாதம் நல்ல லேபில் இருக்கலாம், கடைசியில் ஒரு அறிக்கை எழுத வேண்டும். விண்ணப்பத்திலேயே என்ன செய்ய விரும்புகிறாய் என்று எழுதக் கேட்பார்கள். அங்கே வாட்ஸ்அப் இதழின் சான்றிதழைவிடத் தெளிவாக எழுதிய ஒரு பத்தி எடுபடும்.

ஏ.ஐ. பற்றியும் ஒரு வார்த்தை. நான் இங்கிலீஷைச் சரிபார்க்கப் பயன்படுத்துகிறேன், மறைக்கவில்லை. பல இதழ்கள் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடச் சொல்கின்றன, ஆசிரியராகப் பெயர் போட அனுமதிப்பதில்லை. ரெஃபரன்ஸை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்குத் தலைப்பு, வருடம், பக்க எண் எல்லாம் கச்சிதமாகக் கொடுக்கும்.

வல்லைவெளி (வியாழன், மதியம் 1.20)

அக்காதான். :)

வாசிப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. உன்னுடைய துறையில் நல்லதாக ஒரே ஒரு கட்டுரையை எடுத்து அச்செடு. ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழில் ஒரு வரி எழுது. பந்தி என்ன சொல்கிறது என்று எழுதாதே, என்ன வேலை செய்கிறது என்று எழுது. "இங்கே முந்தைய ஆட்கள் விட்ட இடத்தைக் காட்டுகிறார்." "இங்கே தன் முடிவோடு ஒத்துவராத கட்டுரையைச் சந்திக்கிறார்." "இங்கே சும்மா அளக்கிறார்." மூன்றாவது வகையும் வரும், நல்ல கட்டுரையிலும் வரும். நான் ஒரு கட்டுரைக்கு இதைச் செய்ய ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது. பத்துக் கட்டுரையை மேலோட்டமாக வாசித்ததைவிட அது உதவியது.

தாமிரபரணிக்காரி (மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8.05)

காணாமல் போய்விடவில்லை. மேடத்திடம் 6 மி.மீ. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இதைத்தான் நாலு தடவை கேட்டேன்" என்றார்கள். எனக்கு என்னவோ அவர்களும் அந்த எண்ணைக் கவனிக்கவில்லை, ஏதோ இடிக்கிறது என்று மட்டும் பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. லேபில் சாறு மீதி இருந்தது. மூன்று வெவ்வேறு நாட்களில் மறுபடியும் செய்தோம், இந்த முறை எல்லா பிளேட்டையும் இரண்டு பேரும் தனித்தனியாக அளந்து, பிறகு நோட்டை ஒப்பிட்டோம். ஹெர்பேரிய மாதிரி வைத்திருக்கவில்லை பழைய பெஞ்ச் அண்ணா. நல்ல வேளை, அதே இடத்தில் செடி இன்னும் நிற்கிறது. உலர்த்திக்கொண்டிருக்கிறோம். இது போன முறை பறித்த அதே செடிக் கூட்டம், ஆனால் பிறகு எடுத்த மாதிரி என்று கட்டுரையில் எழுதிவிடச் சொன்னார்கள் மேடம்.

புதுச் சுருக்கம், தமிழில்:

"குப்பைமேனி இலையை அரைத்துத் தோல் சொறிக்குப் பூசுவது வழக்கம். அதன் மெத்தனால், எத்தில் அசிடேட், தண்ணீர்ச் சாறுகளை ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை மீது டிஸ்க் டிஃப்யூஷன் முறையில் மூன்று தனித்தனி நாட்களில் சோதித்தோம். ஸ்டெஃபைலோகாக்கஸை மெத்தனால் சாறும் (14 மி.மீ., திட்ட விலக்கம் 1 மி.மீ.) எத்தில் அசிடேட் சாறும் (10, திட்ட விலக்கம் 1) மூன்று நாளும் தடுத்தன. விட்டம் 6 மி.மீ. டிஸ்க்கையும் சேர்த்தது. ஈ. கோலையை மெத்தனால் சாறு மூன்றில் இரண்டு நாள் மட்டும் தடுத்தது. தண்ணீர்ச் சாறு இரண்டையும் தடுக்கவில்லை. வழக்கத்தில் உள்ள அரைத்த விழுதை நாங்கள் சோதிக்கவில்லை."

மருந்தாக உருவாகும் வரி போய்விட்டது. எட்டுப் பக்கம் நான்கு பக்கமாகிவிட்டது. தோழிக்கு வருத்தம், ரிப்போர்ட்டில் இருந்ததைவிட "ரிசல்ட் குறைந்துவிட்டது" என்கிறாள்.

மேடம் நேற்றுத் திருப்பிக் கொடுத்தார்கள். சிவப்பு மை இருக்கிறது, ஆனால் வேறு வரி: "டிஸ்க் ஒன்றில் எத்தனை மில்லிகிராம் சாறு?" நோட்டில் இருக்கிறது. எழுத மறந்துவிட்டேன்.

திருத்தல்பேனா (சனி, இரவு 8.31)

எத்தில் அசிடேட்டுக்குப் பக்கத்தில் மி.மீ. விட்டுப்போயிருக்கிறது. இரண்டு இடத்திலும்.